சுட்டும் விரலும் கேட்கும் செவியும்

யாப்பிலக்கண வகுப்பொன்றில் வெண்பாவைக் கரும்பலகையில் எழுதி, "இங்கே பாருங்கள், இது தேமா, அது புளிமா" என்று விரலால் சுட்டியவாறே பாடம் நடத்தினேன். வகுப்பு முடிந்ததும் பார்வையற்ற மாணவர் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, 'இது' என்றீர்களே, அஃது எந்தச் சீர்?" என்று பணிவுடன் வினவினார். சுட்டப்படும் பொருள் புலப்படாதவிடத்துச் சுட்டுச்சொல் பொருள் தாராது என்னும் எளிய இலக்கணத்தை அன்று அவரிடம் கற்றேன்.

அரசின் ஏற்புப் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி மாணவர்க்கும் பிறரோடு ஒருங்கே கல்வி வழங்குதல் வேண்டும் என 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதிக்கிறது. இருக்கை அளித்துவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுவார் சிலர். பாடம் சென்று சேர்ந்ததா என்பதன்றோ வினா?

தமிழாசிரியர்க்கு இஃது அரிய செயலன்று. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்னும் வாய்பாடுகள் செவிக்கு உரியவையே. 'கல்லூரி' என்பதைக் கல், லூ, ரி எனப் பிரித்து, நேர் நேர் நேர், தேமாங்காய் என வாய்விட்டுரைத்தால் பலகை வேண்டா. இப்போது நேரசைக்கு ஒருமுறையும் நிரையசைக்கு இருமுறையும் மேசையைத் தட்டுகிறேன். பார்வையுள்ள மாணவரும் முன்னினும் விரைந்து புரிந்துகொள்கின்றனர்.

எனினும், செவி ஒன்றே போதும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் பயில்வார்க்குச் சொல் தெரியும், எழுத்துத் தெரியாது. அரமும் அறமும் இன்றைய பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. எழுத்தை விரலால் உணரப் பிரெயில் வேண்டும். 1824இல், தம் 15ஆம் வயதில், லூயி பிரெயில் வகுத்த ஆறுபுள்ளி முறையே 1951இல் இந்திய மொழிகட்குப் பொதுவான பாரதி பிரெயிலாக அமைந்தது. அதில் 'கொ' என்பதை மெய்க்குப்பின் உயிர் என ஒலிக்கும் வரிசையிலேயே எழுதுவர். அச்சிற்போல் குறி இருபுறமும் பிரிந்து நிற்பதில்லை.

தேர்வறையிலேதான் இடர் மிகுதி. மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தருக என்று நடுவணரசு 2018இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறின. மாணவர் தாமே அழைத்துவரும் எழுதுநர் அவரினும் ஒருபடி குறைந்த கல்வியுடையவராதல் வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. முறைகேட்டைத் தடுக்க எழுந்த விதி, குறை கூறுவதற்கில்லை. ஆனால், இளங்கலைத் தமிழ் விடையைப் பள்ளிப் படிப்பு முடித்தவர் எழுதுகையில் ரகர றகரம் மயங்கும். வல்லினம் மிகுமிடம் தவறும். பிழையோ மாணவர் கணக்கில் சேரும்.

இடையின ரகரம், வல்லின றகரம், டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்னும் பெயர்களை இருவர்க்கும் முன்னரே பயிற்றுவித்தலே நான் கண்ட வழி. என்னிடம் வினவிய அம்மாணவர் தேர்வுக்கு முந்திய வாரம் முழுதும் எழுதுநரோடு மாலைதோறும் நூலகத் திண்ணையில் அமர்ந்து பயின்றார். "ஒற்று வருமிடத்தை நான் சொல்கிறேன் தம்பி, நீ எழுது" என்று அவர் கூறியதை அவ்வழியே சென்ற நான் கேட்டேன்.