கனரக லாரிகளில் கியர் மாற்றும்போது தோன்றும் கோளாறுகள்: கண்டறிதலும் களைதலும்

சுமை ஏற்றிய லாரி மலைச்சாலையில் இறங்கும்போது அதன் வேகத்தை அடக்கும் வேலையைப் பிரேக்குகள் மட்டும் செய்வதில்லை. தாழ்ந்த கியரின் வழியாகச் சக்கரங்களோடு பிணைக்கப்பட்டிருக்கும் எஞ்சினும் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. இப்பிணைப்பு அறுந்தால் நேரக்கூடியதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 16 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால், ஏறத்தாழ 1 கோடியே 57 இலட்சம் ஜூல் ஆற்றல் எங்கேனும் செலவாகியாக வேண்டும். அது முழுவதும் வெப்பமாக மாறினால், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சின் தன் பங்கை ஏற்காவிடில் இவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக் டிரம்களில் தங்குகிறது. டிரம்கள் மிகையாகச் சூடேறினால் பிடிப்புக் குறைகிறது. ஆதலின், இறக்கத்தில் கியர் தானாகக் கழன்று விடுவதையும், தாழ்ந்த கியருக்கு மாற்ற முயன்று அது விழாமற் போவதையும் ஓட்டுநரின் சிறு தொல்லைகளாகக் கருதுதல் தகாது. அவை உயிருக்கு ஊறு செய்யவல்ல கோளாறுகள்.

இத்தகைய முறையீடு வந்தவுடன் கியர் பெட்டியைக் கழற்றி இறக்கும் வழக்கம் பல பணிமனைகளில் உண்டு. கனரக வண்டிகளின் பெட்டிகளுள் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ளவை உள. அவற்றை இறக்கி, பிரித்து, மீண்டும் ஏற்றுவதற்குள் வண்டி பல நாள் நின்றுவிடும். பெட்டிக்குள் குறையேதும் இல்லை என்பது அதன் பிறகே தெரியவருமாயின் அவ்வளவு உழைப்பும் வீண். கியர் விழாமைக்குக் காரணம் பெட்டிக்கு வெளியே, கிளட்சிலோ, இணைப்புக் கம்பிகளிலோ, காற்றுக் குழாய்களிலோ இருத்தல் கூடும். எனவே வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்வதே ஆய்வின் முறையாகும்.

சொற்களைப் பற்றி ஒன்று கூறவேண்டும். பல்லிணை, உரசிணைப்பி முதலிய தமிழ்ச் சொற்கள் வழக்கில் உள்ளன. ஆயினும் கியர், கிளட்ச் என்னும் சொற்களே பணிமனையில் எவர்க்கும் விளங்குவன; அவற்றையே இக்கட்டுரையிலும் கொண்டுள்ளோம்.

பெட்டிக்குள் நிகழ்வது யாது?

கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று புதிதாகச் சேர்கின்றன என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். இக்கால லாரிகளின் முன்னோக்கிய கியர்களில் அவ்வாறு நிகழ்வதில்லை. அச்சக்கரங்கள் எப்பொழுதும் இணைந்தே சுழல்கின்றன. ஆனால் வெளிச்செல்லும் தண்டின்மீது அவை தளர்வாக நிற்கின்றன. லிவரை அசைக்கும்போது தண்டோடு சுழலும் ஓர் உறை நகர்ந்து, தேவையான சக்கரத்தின் பக்கப் பற்களைக் கவ்வி, அதைத் தண்டோடு பிணைக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் ஓசையின்றிக் கவ்வும். வேகம் வேறுபட்டால் பற்கள் ஒன்றையொன்று அறைந்து ‘கரகர’வென ஒலிக்கும்.

வேறுபாடு எவ்வளவு என்பதை எண்களால் விளக்குதல் வகுப்பறைக்கு உதவும். மூன்றாம் கியரின் விகிதம் 3:1 என்றும், நான்காம் கியரின் விகிதம் 2:1 என்றும் கொள்வோம். மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றுச் சுழல்கையில் வெளிச்செல்லும் தண்டு 600 சுற்றுச் சுழலும். வண்டியின் வேகம் மாறாமல் நான்காம் கியருக்கு வரவேண்டுமாயின் உட்செல்லும் தண்டு 1,200 சுற்றுக்குக் குறையவேண்டும். மீண்டும் மூன்றாம் கியருக்கு இறங்கும்போது அதே தண்டு 1,800 சுற்றுக்கு உயரவேண்டும். ஒத்திசைப்பு வளையங்கள் இல்லாத பெட்டிகளில் ஓட்டுநரே கிளட்சை இருமுறை மிதித்து, இடையே எஞ்சினை முடுக்கி, இவ்வேகத்தைச் சரிசெய்வார். 1928-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காடிலாக் கார்களில் அறிமுகமான ஒத்திசைப்பு முறை இவ்வேலையைக் கூம்பு வடிவ வளையங்களிடம் ஒப்படைத்தது. பணிமனையில் ‘சிங்க்ரோ’ எனப்படுபவை இவையே. பித்தளை போன்ற உலோகத்தாலான வளையம் சக்கரத்தின் கூம்பின்மீது உராய்ந்து, இரு வேகங்களும் ஒன்றாகும் வரை உறையைத் தடுத்து நிறுத்துகிறது.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அச்சிறு வளையம் உட்செல்லும் தண்டையும் அதனோடு சுழலும் சக்கரங்களையும் கிளட்ச் தட்டையும் மட்டுமே வேகம் மாற்ற வல்லது. கிளட்ச் முழுமையாக விடுபடவில்லையெனில் எஞ்சினையே எதிர்த்துப் போராடும் நிலைக்கு அது ஆளாகிறது. சில மாதங்களில் வளையம் தேய்ந்துவிடும். தேய்ந்த வளையத்தை மட்டும் மாற்றி, கிளட்சை அவ்வாறே விட்டுவைத்தால், புதிய வளையமும் அதே வழியில் அழியும்.

முதற் சான்று ஓட்டுநரே

வண்டியைத் தொடுமுன் ஓட்டுநரிடம் வினவுதல் வேண்டும். எல்லாக் கியர்களிலும் தொல்லையா, ஒன்றில் மட்டுமா? எல்லாவற்றிலும் எனின் கிளட்ச், எண்ணெய், லிவர் இணைப்பு ஆகிய பொது உறுப்புகளை ஐயுறவேண்டும். ஒரே ஒரு கியரில் எனின் அதற்குரிய வளையத்தையோ பக்கப் பற்களையோ ஐயுறலாம். மூன்றும் நான்கும் ஒருசேரத் தொல்லை தந்து, மற்றவை நன்றாக இருக்குமாயின், அவ்விரண்டுக்கும் பொதுவான உறையும் அதை நகர்த்தும் கவையும் ஆய்வுக்குரியன. காலையில் கடினமாக இருந்து, வண்டி ஓடிச் சூடேறியபின் இலகுவாகிறதா? அது தடித்த எண்ணெயின் குறி. ஜோஜி கணவாய் போன்ற 3,500 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த வழிகளில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். இதற்கு மாறாக, சூடேறிய பின்னரே தொல்லை தொடங்குமாயின் கிளட்சை முதலிற் பார்த்தல் நன்று.

நிறுத்திய வண்டியில் செய்யும் சோதனைகள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, கைப்பிரேக்கை இட்டபின் எஞ்சினை நிறுத்துக. இப்பொழுது கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்கவேண்டும். பல் பல்லோடு முட்டி ஒருமுறை தடைபடுதல் இயல்பே. கிளட்ச் மிதியை விட்டு மீண்டும் மிதித்து முயன்றால் விழும். எஞ்சின் நின்றிருக்கையிலும் லிவர் தொடர்ந்து இறுக்கமாக இருந்தால், தவறு கிளட்சில் இல்லை. இணைப்புக் கம்பிகளிலோ பெட்டியின் மேன்மூடியிலுள்ள நகர்த்தும் தண்டுகளிலோ உள்ளது. எஞ்சின் நின்றிருக்கையில் எளிதாக விழும் கியர், ஓடும்போது மட்டும் விழாவிடில் கிளட்ச் இழுக்கிறது என்று கொள்ளலாம். ஒரு கருவியும் வேண்டாத இச்சோதனை பாதி வழியைக் கடத்திவிடும். இதைச் செய்யாமல் பெட்டியை இறக்குவோரை என்னென்பது!

ஐயத்தை உறுதிசெய்ய, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை முழுதும் மிதித்து, ஐந்து முதல் பத்து விநாடி பொறுத்துப் பின்னோக்கிய கியரை மெல்லப் போடுக. பல பெட்டிகளில் இக்கியருக்கு ஒத்திசைப்பு வளையம் இல்லையாதலின் அது உண்மையை மறைக்காது. அத்துணை நேரம் பொறுத்த பின்னும் கரகரத்தால் கிளட்ச் விடுபடவில்லை. உடனே போட்டால் கரகரத்து, பொறுத்துப் போட்டால் அமைதியாக விழுமாயின் கிளட்ச் குற்றமற்றது. சுழலும் தண்டு நிற்க அவகாசம் தரப்படவில்லை என்பதே பொருள். கிளட்ச் பிரேக் பொருத்திய வண்டியாயின் அப்பிரேக் தேய்ந்திருக்கலாம்.

கிளட்ச் விடுபடாமைக்கு எளிய காரணம் மிதியின் வெற்றசைவு மிகுந்திருத்தல். இதற்கு அடுத்தது, திரவக் குழாயில் காற்றுப் புகுந்திருத்தல். மிதி பஞ்சுபோல் தோன்றுவதும், பலமுறை விரைந்து மிதித்தால் கியர் விழுவதும் இதன் அடையாளம். இவ்விரண்டையும் வெளியிலிருந்தே சரிசெய்யலாம். அதன் பின்னும் தீராவிடில் தட்டு வளைந்திருத்தலும், தட்டின் குடம் தண்டின் வரிப்பள்ளங்களில் துருவால் ஒட்டியிருத்தலும் கருதத்தக்கன. மழைக்காலத்தில் நெடுநாள் நின்ற வண்டிகளில் பின்னது நேரக்கூடும். பிளைவீலின் நடுவிலுள்ள பைலட் பேரிங் இறுகிவிட்டாலும் இதே குறி தோன்றும். அப்போது கிளட்ச் நன்றாக இருந்தும் தண்டு எஞ்சினோடு சேர்ந்து சுழலும்.

இணைப்புக் கம்பிகளில் குண்டு மூட்டுகளின் தேய்மானத்தையும், கூண்டு முன்சாயும் வண்டிகளில் நீண்டு சுருங்கும் கம்பியின் வறட்சியையும் காணவேண்டும். கம்பியைப் பெட்டியிலிருந்து விடுவித்து, பெட்டியின் வெளிநெம்புகோலைக் கையால் அசைத்தால் எப்பக்கம் இறுக்கம் என்பது வெளிப்படையாகும்.

எண்ணெய் கூறும் செய்தி

எண்ணெய்யின் அளவை நிரப்புத் துளையின் கீழ்விளிம்போடு ஒப்பிட்டு அறிதல் வேண்டும். விரலை உள்ளே விட்டு நுனியில் எண்ணெய் பட்டால் போதும் என்பது தவறு. விரல் மட்டத்துக்குக் கீழும் எட்டும். பழைய எண்ணெயை வெண்மையான தட்டில் வடித்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பொன்னிறத் துகள் மின்னினால் வளையங்கள் தேய்கின்றன. எஃகுச் சில்லுகள் இருந்தால் பற்களோ பேரிங்குகளோ சிதைந்துள்ளன. பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. வெள்ளத்தைக் கடந்து வந்த லாரிகளில் இதை எதிர்பார்க்கலாம்.

‘தடித்த எண்ணெய் பற்களைக் காக்கும்’ என்று பின்அச்சுக்குரிய எண்ணெயைக் கியர் பெட்டியில் ஊற்றுவோர் உளர். பின்அச்சுக்கென வழங்கும் ஜி.எல். 5 தர எண்ணெயில் கந்தகம் கலந்த அழுத்தந்தாங்கும் சேர்க்கைகள் மிகுதி. அவை கூம்புகளுக்கு வேண்டிய உராய்வைக் குறைக்கக்கூடும். சில வகைகள் பித்தளையையும் அரிக்கும். வளையமுள்ள பெட்டிகள் பலவற்றுக்கு ஜி.எல். 4 தரமே விதிக்கப்பட்டுள்ளது. உற்பத்தியாளரின் கையேட்டில் கண்ட எண்ணெயே முடிவானது.

கியர் தானாகக் கழலுதல்

இதனை ஓட்டிப் பார்த்தே அறிய இயலும். மேடுபள்ளமான சாலையில் லிவர் ஆடிக் கழன்றால், எஞ்சின் தாங்கிகளின் தளர்ச்சியும், இணைப்பின் குறையும், லிவரின்மேல் பொருத்திய கனத்த அலங்காரப் பிடியுங்கூடக் காரணமாகலாம். சமமான சாலையில் சுமை இழுக்கும்போதோ, முடுக்கியை விட்டவுடனோ கழன்றால் காரணம் பெட்டிக்குள் இருத்தல் கூடும்: பக்கப் பற்களின் முனை மழுங்கியிருக்கலாம், கவை வளைந்திருக்கலாம், தண்டின் நீளவாட்ட அசைவு மிகுந்திருக்கலாம், நகர்த்தும் தண்டைப் பிடித்து நிறுத்தும் குண்டின் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். இவற்றுள் கடைசியானதை மேன்மூடியளவிலேயே சரிசெய்யலாம். ஆகவே அதையே முதலிற் காண்க. கழலும் கியரை ஓட்டுநர் கையால் அழுத்திப் பிடித்தே வண்டியைப் பல நாள் ஓட்டுவதுண்டு. அவ்வழுத்தம் கவையின் பக்கங்களைத் தேய்த்து, சிறு பழுதைப் பெரும் பழுதாக்கும். அவ்வண்டியை மலைவழிக்கு அனுப்புதல் அறவே கூடாது.

மேல்வரிசை, கீழ்வரிசை எனக் காற்றழுத்தத்தால் மாறும் பெட்டிகளில், வரிசை மாற்றம் தாமதமாவது பெரும்பாலும் காற்றின் குறையே. தொட்டியின் அழுத்தமானியை மட்டும் நம்பலாகாது. உருளைக்குள் வந்து சேரும் அழுத்தத்தை அளந்து கையேட்டோடு ஒப்பிடவேண்டும். குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். தொட்டியில் தேங்கிய நீரை ஒழுங்காக வடித்துவருதல் வால்வுகளின் ஆயுளை நீட்டும். மின்னணுக் கட்டுப்பாட்டால் தாமே கியர் மாற்றும் லாரிகளும் இன்று ஓடுகின்றன. அவற்றில் குறைக்குறியீட்டைக் கருவியால் படிக்கவேண்டும். எனினும் அக்குறியீட்டின் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இதே கிளட்சும் இதே காற்றுமே.

பழுதுற்ற வண்டியை இழுத்துச் செல்லும்போது பின்சக்கரங்கள் தரையில் உருளுமாயின், பின்அச்சுக்குச் செல்லும் நீள்தண்டைக் கழற்றிவிடுதல் கட்டாயம். எஞ்சின் நின்று கியர் நடுநிலையில் இருக்கையில், எண்ணெயை வாரி இறைக்கும் துணைத்தண்டு சுழல்வதில்லை. வெளிச்செல்லும் தண்டோ சக்கரங்களால் உருட்டப்பட்டுச் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதன்மேலுள்ள பேரிங்குகள் எண்ணெயின்றிக் காய்ந்து எரியும். கிளட்சுக் கோளாறோடு புறப்பட்ட வண்டி பணிமனையை அடைகையில் கியர் பெட்டியையும் இழந்திருப்பது இவ்வாறே.