அலைக்கும் ஒரு காவல்

காட்டிற்குக் காவல் உண்டு. ஏரிக்குக் காவல் உண்டு. பழைய சிற்பங்களுக்கும் காவல் உண்டு. எழுந்த கணத்திலேயே மறையும் கடலலைக்கும் காவல் வேண்டுமோ என்று நாம் வியக்கலாம். வேண்டும் என்று கருதிச் சட்டம் இயற்றிய நாடு ஒன்று உண்டு. அது தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் பெருங்கடலை நோக்கி அமைந்துள்ள பெரு நாடாகும்.

அந்நாட்டு மக்களுக்கும் அலைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. வடகரையிலுள்ள உவான்சாக்கோ என்னும் ஊரின் மீனவர்கள், கரையோரக் குட்டைகளில் வளரும் ஒருவகைக் கோரையைக் கட்டுகட்டாகப் பிணைத்துத் தோணி செய்வர். அதன் முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். குதிரைமேல் அமர்வதுபோல் அமர்ந்து செல்வதால், அதனைச் 'சிறு குதிரை' என்றே அழைப்பர். மீன் பிடித்தபின் அவர்கள் அலையின்மீது ஏறிக் கரைக்குத் திரும்புவர். மிகப் பழங்காலத்து மட்பாண்டங்களிலும் இத்தகைய தோணியின் உருவம் காணப்படுகின்றது. இன்று பலகையின்மீது நின்று அலைச்சறுக்கு ஆடுவோரும் அக்கரையை நாடி வருகின்றனர்.

எல்லா அலையும் சறுக்குவதற்கு ஏற்றதன்று. தொலைவிலே வீசும் காற்று கடல்நீரில் அலையை எழுப்புகின்றது. அவ்வலை பல நாள் பயணம் செய்து கரையை நெருங்குகின்றது. ஆழம் குறையக் குறைய அதன் வேகம் தளர்ந்து, உயரம் மிகுகின்றது. முடிவில் அதன் முகடு கவிழ்ந்து உடைகின்றது. கடலடி நிலம் கரைக்குச் சாய்வாக அமைந்திருந்தால், அலை ஒரேயடியாக உடையாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படிப்படியாக உடையும். சறுக்குவோர் விரும்புவது அத்தகைய அலையையே. ஆகவே, அலையைப் பெறுவது கடலாயினும், அதற்கு வடிவம் தருவது பாறையும் மணல்மேடுமே ஆகும்.

இவ்வுண்மையை மறந்தமையால் நேர்ந்த இழப்புகள் பல. 1980-களில் லீமா நகரின் எரதூரா கடற்கரையில் சாலை அமைப்பதற்காகக் குன்றினை வெடி வைத்துத் தகர்த்தனர். கற்கள் கடலில் வீழ்ந்தன, அலையின் வடிவம் கெட்டது, மணற்பரப்பும் அழிந்தது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், 1966-ஆம் ஆண்டில் டானா முனையில் துறைமுகப் பணி தொடங்கியபின், அங்குப் புகழ்பெற்றிருந்த அலை மறைந்தே போயிற்று. இடிந்த சுவரை மீண்டும் கட்டலாம். இழந்த அலையை மீண்டும் கட்டுவது அரிது.

2000-ஆம் ஆண்டில் பெரு நாடு, அலைச்சறுக்கிற்கு ஏற்ற அலைகள் உடையும் இடங்கள் அரசுக்கு உரியவை என்றும், அவற்றைக் காத்தல் வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. ஆயினும் விதிகள் வகுக்கப்படாமையால் அச்சட்டம் நெடுநாள் ஏட்டளவிலேயே இருந்தது. 2013-இல் விதிகள் வந்தன. 2016-இல் சிக்காமா என்னும் நெடிய அலை முதலாவதாகப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஓர் அலையைப் பதிவு செய்வதற்குக் கடலின் ஆழத்தை அளந்து, எல்லை குறித்து, படம் வரைந்து அளித்தல் வேண்டும். இதற்குப் பொருள் மிகவும் தேவை. அலையை நேசிப்போரும் இயற்கைக் காப்பில் ஈடுபட்ட சட்ட அறிஞரும் ஒன்றுகூடிப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினர். அதன் பயனாக 30-க்கும் மேற்பட்ட அலைகள் காவல் பெற்றுள்ளன.

அங்ஙனமாயின் துறைமுகமும் சாலையும் வேண்டாவோ என்று சிலர் வினவலாம். அவை வேண்டுவனவே, மீனவர்க்கும் படகுத்துறை தேவையன்றோ? கட்டுவதற்கு முன்பே ஆராய்ந்து இடம் தேர்தல் வேண்டும் என்பதே கருத்து. கரையோரமாக நகரும் மணலை ஓரிடத்தில் தடுத்தால், அதன் கேடு தொலைவிலுள்ள வேறொரு கரையில் தோன்றும். ஆதலின் ஒரு துறையை மட்டும் நோக்காது, கரை முழுவதையும் நோக்கித் திட்டம் வகுத்தல் வேண்டும்.

சட்டம் எல்லையைக் குறிக்கும். அவ்வெல்லையை நாள்தோறும் கண்காணிப்பவர் அக்கரையில் வாழும் மக்களே. பெரு நாட்டின் சட்டம் பல ஆண்டுகள் உறங்கியதும், மக்கள் முயற்சியால் விழித்து எழுந்ததும் இதனையே காட்டுகின்றன. எல்லோர்க்கும் பொதுவான பொருளை எவரும் தமதெனக் கருதிக் காவாவிடில், அது ஒருவர்க்கும் இல்லாது போகும்.