பெரிய பிரேக் போட்டும் பெடல் ஏன் இறங்குகிறது?

கரும்பு வெட்டும் பருவத்தில் இரவு நேரத்தில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சாலையின் குணம் தெரியும். விக்கிரவாண்டியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். டிரெய்லரின் அகலத்தையும் மீறிக் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பின்விளக்கு எரிந்தால் அதிர்ஷ்டம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. அங்கே பிரேக் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும்.

அதனால்தான் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பிரேக்கை மேம்படுத்த நினைக்கிறார்கள். அது நல்ல எண்ணம். டி.என். 16, டி.என். 32 எண்களோடு ஓடும் பழைய அம்பாசடருக்கும் ஜீப்புக்கும் முன்சக்கர டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடலாம். சின்ன காருக்குப் பெரிய காரின் காலிப்பரை மாட்டலாம். ஆனால் காசு செலவழித்து வேலை முடிந்த பிறகு பெடல் முன்னைவிட ஆழமாக இறங்கினால், அப்போது சொல்லப்படும் சமாதானங்களில் பல தவறானவை. சில ஆபத்தானவை.

“புது பேட், புது டிஸ்க். கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்.”

இதைத்தான் முதலில் மறுக்க வேண்டும். புது பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று உரசிப் படிய ஓட்டம் தேவை என்பது உண்மை. ஆனால் படியப் படியக் கூடுவது பிடிப்பு. பேடின் முகம் டிஸ்க்கில் சமமாக உட்கார உட்கார மிதியும் ஓரளவு இறுகலாம். தரை வரை இறங்கும் பெடலை அது மேலே கொண்டுவராது. குழாய்க்குள் சிக்கிய காற்று ஓட ஓடத் தானாக வெளியேறுவதும் இல்லை. பெடல் சரியாகாத வண்டியைப் பட்டறை வாசலைத் தாண்டி எடுக்கவே கூடாது.

பெடல் இறங்குகிறது என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். காலை வைத்தால் ஸ்பான்ஜ் போல அமுங்கி, எவ்வளவு அழுத்தினாலும் உறுதியான ஓர் இடத்தில் நிற்காமல் இருந்தால், உள்ளே காற்று. வெகுதூரம் இறங்கி, பிறகு கல் போல நின்றால், எங்கோ இடைவெளி அதிகம் அல்லது அளவுகள் பொருந்தவில்லை. முதலில் உறுதியாக நின்று, காலை எடுக்காமல் வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால், கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர் போய்விட்டது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூன்றுக்கும் ஏர் எடுப்பதையே திரும்பத் திரும்பச் செய்வதால்தான் ஒரு லிட்டர் பிரேக் ஆயில் காலியான பிறகும் வண்டி அதே நிலையில் நிற்கிறது.

“நாலு சக்கரத்துலயும் ஏர் எடுத்தாச்சு, உள்ள ஏரே இல்லை.”

காலிப்பர் மாற்றிய வண்டியில் இந்த வார்த்தையை அப்படியே நம்பக் கூடாது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். அது மேல்பக்கம் இருக்க வேண்டும். பல காலிப்பர்களில் இடது பக்கத்தது வலது பக்கமும் பொருந்திவிடும்; போல்ட்டும் சரியாக ஏறும், டிஸ்க்கும் சுற்றும். ஒரே வித்தியாசம், நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே ஏறும் பொருள். காலிப்பரின் உச்சியில் அது தங்கிக்கொள்ள, கீழே இருக்கும் நிப்பிள் வழியாக ஆயில் மட்டும் குமிழே இல்லாமல் சுத்தமாக வரும். ஏர் எடுப்பவரும் குமிழ் இல்லை என்று திருப்தியாக எழுந்துவிடுவார். நாள் முழுக்க எடுத்தாலும் இதே கதைதான். காலிப்பர்களை இடம் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. வேறு வண்டியின் காலிப்பரை பிராக்கெட் வைத்து மாட்டியதில் நிப்பிள் சாய்ந்துபோயிருந்தால், காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க்கின் கனத்துக்கு ஒரு மரத்துண்டை வைத்து, நிப்பிள் உச்சியில் இருக்கும்படி பிடித்துக்கொண்டு ஏர் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும்.

ஏர் எடுக்கும் முறையிலும் ஒரு பழக்கம் கெடுதல் செய்கிறது. வண்டிக்குக் கீழே இருப்பவர் “அமுக்கு… புடிச்சுக்கோ… வுடாத” என்று குரல் கொடுக்க, மேலே இருக்கும் பையன் பெடலைத் தரை வரை மிதிக்கிறான். பழைய மாஸ்டர் சிலிண்டரில் தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத கடைசிப் பகுதி துருவும் அழுக்கும் படிந்து கிடக்கும். மிதி தரையைத் தொடும்போது ரப்பர் வாஷர் அதன்மேல் உரசிக் கிழிகிறது. காலையில் நன்றாக இருந்த மாஸ்டர் மாலையில் பெடலைக் கீழே விடுவது பல வண்டிகளில் இதனால்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும். மாஸ்டரையே புதிதாகப் போட்டிருந்தால், வண்டியில் மாட்டும் முன் வைஸில் பிடித்து அதிலுள்ள காற்றைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான் வரிசை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஏபிஎஸ் உண்டு. அதன் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் பல மாடல்களில் ஸ்கேனர் மாட்டி உள்ளிருக்கும் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க முடியும்.

“பெரிய காலிப்பருக்குப் பெரிய மாஸ்டர் போட்டா எல்லாம் சரியாயிடும்.”

பாதி உண்மை, அதனாலேயே பலரை ஏமாற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்த இடத்தில் 54 மில்லிமீட்டர் பிஸ்டன் வந்தால் அதன் பரப்பு 27% கூடுகிறது. அதே தூரம் நகர அதற்கு 27% கூடுதல் ஆயில் வேண்டும். பழைய மாஸ்டர் அந்த ஆயிலைத் தள்ளக் கூடுதல் தூரம் போக வேண்டும். பெடலும் சேர்ந்து இறங்கும். காற்றே இல்லாவிட்டாலும் இறங்கும். இது கோளாறு அல்ல, அளவுப் பொருத்தமின்மை.

இப்போது முக்கால் அங்குல மாஸ்டரை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதான முக்காலே அரைக்கால் அங்குலம் போடுகிறோம் என்று வையுங்கள். பரப்பு 36% கூடும். பெடல் மேலே வந்துவிடும். ஆனால் அதே கால் விசைக்குக் குழாயில் உண்டாகும் அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், டிஸ்க் பழைய அளவிலேயே இருக்கும்போது, அதே மிதிக்குக் கிடைக்கும் பிடிப்பு பழைய பிரேக்கைவிடச் சுமார் 7% குறைவு! பெரிய காலிப்பர், பெரிய மாஸ்டர் இரண்டுக்கும் செலவழித்து, முன்னைவிட அதிகமாக மிதிக்க வேண்டிய வண்டியை வாங்கியிருக்கிறோம். டிஸ்க்கின் விட்டமும் கூடினால்தான் அல்லது மிதி விசையைக் கூட்டும் பூஸ்டரும் மாறினால்தான் கணக்கு நேராகும். காலிப்பர் வாங்கப் போகும்போதே பிஸ்டன் விட்டத்தையும், மாஸ்டர் உடலில் வார்த்திருக்கும் அளவையும் குறித்துக்கொண்டு போங்கள்.

“ரெண்டு தடவை பம்ப் அடிச்சா பிடிக்குது, அது போதும்.”

முதல் மிதி ஆழமாகவும் உடனே அடுத்த மிதி மேலேயும் நின்றால், பெரும்பாலும் பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் டிஸ்க் மாற்றும்போது பின் டிரம்மை யாரும் தொடுவதில்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தால், அந்த இடைவெளியை நிரப்பவே மாஸ்டரின் ஆயிலில் பெரும்பங்கு போய்விடும். ஏற்கெனவே கூடுதல் ஆயில் கேட்கும் புது காலிப்பரோடு இதுவும் சேர்ந்தால் பெடல் தரைக்குப் போகும். டிரம்மைச் சுற்றினால் ஷூ லேசாக உரசும் அளவுக்கு அட்ஜஸ்டரை இறுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை முறுக்கி இதைச் சரிக்கட்டக் கூடாது. முதலில் ஷூ, பிறகுதான் கேபிள். பின்பக்கம் சரியாக இருந்தும் முதல் மிதி மட்டும் ஆழமானால் வீல் பேரிங் ஆட்டத்தையும் டிஸ்க் நெளிவையும் பாருங்கள். அவை ஓட ஓடப் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பம்ப் அடித்து ஓட்டலாம் என்பவர்களுக்கு அந்த 22 மீட்டரைத்தான் நினைவூட்ட வேண்டும். இரண்டாவது மிதிக்கு ஆகும் ஒரு நொடியில் கார் டிராக்டரின் டிரெய்லருக்குள் போயிருக்கும்.

“டாட் எண் பெரிசா இருந்தா ஆயில் நல்லது.”

டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே வகை, ஈரத்தை உறிஞ்சும். டாட் 5 மட்டும் சிலிகான். மற்றவற்றோடு கலக்கவே கூடாது, நுண்குமிழ்களைத் தாங்கிக்கொள்வதால் பெடலையும் மென்மையாக்கும், ஏபிஎஸ்ஸுக்கும் ஆகாது. ஆயில் தொட்டியின் மூடியில் எழுதியிருப்பதை ஊற்றினால் போதும். எண்ணைவிட வயதுதான் முக்கியம். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும், சுமார் 3.7% நீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். மரக்காணம் பக்கத்துக் கடற்கரை ஈரத்தில் நிற்கும் வண்டிகள் இதைக் கவனிக்க வேண்டும். விழுப்புரம் வரை நன்றாக இருந்த பெடல், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது திடீரென்று காலடியில் காணாமல் போவது இப்படித்தான். சீல் உடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த பாட்டிலை ஏற்காதீர்கள். ஆயில் குறைந்தால் இன்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றலாம் என்பது கொடிய யோசனை. ரப்பர்கள் உப்பிப்போய் மாஸ்டர் முதல் வீல் சிலிண்டர் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும்.

ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் இறுகும் என்பது, பழைய ரப்பர் ஹோஸ் உப்பிப் போயிருந்தால் மட்டும் உண்மை. சிக்கிய காற்றை எந்த ஹோஸும் வெளியேற்றாது.

“ஸ்டார்ட் பண்ணா பெடல் இறங்குது, அதான் கோளாறு.”

இது வீண் பயம். பூஸ்டர் உள்ள வண்டியில், பெடலை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் செய்தால் அது கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும். இறங்காவிட்டால்தான் பூஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்கே கோளாறு என்று பிடிபடாதபோது ஒரு வழி உண்டு. ரப்பர் ஹோஸ்களை, அதற்கென்று இருக்கும் உருண்டை முகக் கிளாம்ப்பால் ஒவ்வொன்றாக மெதுவாக இறுக்கிப் பெடலை மிதியுங்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸில் இதைச் செய்யக் கூடாது. எந்தச் சக்கரத்தின் ஹோஸை அடைத்ததும் பெடல் உறுதியாகிறதோ, கோளாறு அந்தச் சக்கரத்தில். எல்லாவற்றையும் அடைத்தும் இறங்கினால் மாஸ்டர் பக்கம் திரும்ப வேண்டும். வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருக்கட்டும். இன்னொருவர் டார்ச்சோடு காலிப்பரின் செம்பு வாஷர், நிப்பிள், ஹோஸ் முனை, மாஸ்டரின் பின்பக்கம் என்று ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்கட்டும். ஈரம் தட்டினால் வண்டி அன்றைக்குப் பட்டறையிலேயே நிற்கட்டும்.