கிரேக்கர் சொற்கலையும் இணையதள அமைப்பும்

கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்சு நகர மன்றங்களில் பேசுவோர்க்கென எழுந்த கருத்துகள், கணினித் திரையில் விரியும் பக்கங்களுக்கு எங்ஙனம் பொருந்தும் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. மன்றத்தில் எழுந்து நின்றவனும் இன்று தளம் அமைப்போனும், தம்மை முன்னறியாத ஒருவரின் உள்ளத்தைத் தம்பால் திருப்ப முயல்வோரே ஆவர். ஆதலின் இவ்வொப்புமை வலிந்து கொண்டதன்று.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தம் ‘ரெட்டரிக்’ என்னும் நூலில், பேச்சால் நம்பச் செய்யும் வழிகள் மூன்று என்பார். பேசுவோனின் குணநலம் (ஈதோஸ்), கேட்போரின் உணர்வு (பாதோஸ்), பேச்சினுள் அமைந்த சான்று (லோகோஸ்) என்பன அவை. பிற்காலத்தில் அரபு மொழியில் பெயர்க்கப்பெற்று, இப்னு ருஷ்து (1126–1198) போன்ற பேரறிஞர்தம் உரையையும் பெற்ற நூல் இது. இதனுள் நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்றுண்டு. பேசுவோன்மீது பிறக்கும் நம்பிக்கை, அவனைப் பற்றி முன்பே நிலவும் பெயரால் அன்றி, அப்பேச்சின் வழியாகவே பிறத்தல் வேண்டும் என்கிறார் அவர். தேடுபொறி வழியாகத் தளத்தின் உட்பக்கம் ஒன்றில் திடுமென வந்திறங்கும் பயனாளர்க்கு நிறுவனத்தின் புகழ் தெரியாது. கண்முன் நிற்கும் பக்கமே சான்று. 2002-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2,600-க்கும் மேற்பட்டோரிடம் தளங்களின் நம்பகத்தன்மை குறித்து நிகழ்த்திய ஆய்வில், ஏறத்தாழப் பாதிக் கருத்துரைகள் தளத்தின் தோற்றத்தையே சுட்டின.

அவ்வாறாயின் ஒப்பனையே போதுமோ? இவ்விடத்துப் பிளேட்டோ குறுக்கிடுகிறார். உண்மை நாடாத சொற்கலையை அவர் ‘கோர்கியாஸ்’ உரையாடலில், மருத்துவம்போல் நடிக்கும் சமையலுக்கு ஒப்பிடுவார். நாவுக்கு இனிக்கும், உடலுக்கு உதவாது. ‘இன்னும் பத்தே நிமிடம்’ என்று பொய்யாய் ஓடும் கடிகாரமும், கணக்கை நீக்கும் வழியை மறைத்து வைக்கும் பக்கமும் அத்தகைய சமையலே என்பது நம் கருத்து. முன்கூட்டியே குறியிட்ட கட்டம் உண்மையான இசைவு ஆகாது என 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது, சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்தமையைக் காட்டும்.

பிளேட்டோவின் ‘ஃபீட்ரஸ்’ உரையாடல் வேறிரு செய்திகளைத் தருகிறது. உரை ஒன்று தலையும் உடலும் காலும் பொருந்திய உயிர்போல் அமைதல் வேண்டும். பொருளைப் பகுப்போர், திறமற்ற கசாப்புக்காரர் போல் வெட்டிச் சிதைக்காது, இயற்கையான மூட்டுகளில் பிரித்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தளங்கள் சிலவற்றின் பட்டியலை நோக்குக! பதிவாளர் பிரிவு, நிதிப் பிரிவு, கல்விப் பிரிவு என அலுவலக அறைகள் வரிசையாக நிற்கும். மாணவர் நாடுவதோ சேர்க்கை, கட்டணம், தேர்வு முடிவு ஆகியன. வெட்டு மூட்டில் விழவில்லை.

எழுத்தின்மீது பிளேட்டோ சாட்டிய குறையும் அந்நூலில்தான் உள்ளது. எழுத்தை வினவினால் அது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும். யாரிடம் பேசுவது, யாரிடம் வாளாவிருப்பது என்பதை அது அறியாது. 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வலை, இணைப்புகளின் வாயிலாக இக்குறையைச் சிறிது களைந்தது. படிப்போர் தம் வினாவுக்கேற்ற வழியைத் தாமே தெரிந்தெடுக்கலாயினர். எனினும், தேடற்பெட்டியில் சொல்லை ஓர் எழுத்துப் பிழையுடன் இட்டதும் ‘முடிவுகள் இல்லை’ என்று மட்டும் கூறி நின்றுவிடும் தளங்கள் உள. பிளேட்டோ கண்ட ஊமை எழுத்து அங்கே அப்படியே இருக்கிறது.