கரையேறிய படகுக்குள் மழைத் தண்ணீர் நிற்க விடாதீர்கள்

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர் ஆல்காட் குப்பத்து ஃபைபர் படகுகள் மணல்மேட்டுக்கு ஏறிவிடுகின்றன. அலை எட்டாது, இனிக் கவலையில்லை என்று அப்படியே விடுவதில்தான் கேடு தொடங்குகிறது.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். படகின் திறந்த வாய் 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 மி.மீ. மழைக்கு 1,200 லிட்டர் உள்ளே இறங்கும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 490 மி.மீ. மிதக்கும் படகைக் கடல் எல்லாப் பக்கமும் தாங்கும். மணலில் நிற்கும் படகில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமையும் அடியில் ஓரிரு இடத்தில்தான் அழுத்தும். விரிசல் அங்கேதான் விழும்.

ஆகவே இப்போதே அடித்துளையின் பிளக்கைக் கழற்றி, தொலையாமல் படகிலேயே கட்டி வையுங்கள். முன்பக்கமான அணியத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினால் தண்ணீர் பின்பக்கமாக வடிந்துவிடும். துளையை மணலும் வலைத்துண்டும் அடைத்திருந்தால் பிளக்கைக் கழற்றியும் பயனில்லை.

பந்தயத் துடுப்புப் படகுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒருவர் வலிக்கும் படகு 14 கிலோ அளவில்தான் இருக்கும்; தூக்கிக் கவிழ்த்து அடுக்கிவிடலாம். மீன்பிடிப் படகை அப்படிப் புரட்ட முடியுமா?

உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் படகுக்குப் பொல்லாதது. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது, நல்ல தண்ணீர் ஆகும். ஃபைபரின் மேல்பூச்சு வழியாக ஊடுருவிக் கொப்புளம் எழுப்புவதிலும் நல்ல தண்ணீருக்கே வேகம் அதிகம். இன்ஜின் மாட்டும் பின்பலகையின் உள்ளே மரம் வைத்திருந்தால், போல்ட் துளைகளைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே ஈரம் ஏறியிருக்கலாம். காயவைத்து ரெசின் பூசாமல் மழைக்கு விடக் கூடாது. கட்டுமரக்காரர்கள் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தியது மரத்தில் ஈரம் தங்கக் கூடாது என்பதால்தான்.

தார்ப்பாயைப் படகின் உடம்போடு ஒட்டி இறுக்கிக் கட்டுவது பெரும் தவறு. உள்ளே புழுங்கி ஈரம் தங்கும். நடுவில் நீளமாக ஒரு மூங்கில் கொடுத்து, கூரைபோல இருபுறமும் சரிய விட்டு, முன்னும் பின்னும் காற்றுக்கு வழி விடுங்கள். புயல் நெருங்கும்போது மட்டும் அவிழ்த்துவிடலாம். பாய்க்குள் காற்று புகுந்தால் படகே புரளும். இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவி, எரிபொருளை வடித்து, வீட்டுக்குள் வைத்துவிடுவது நல்லது.

படகில் தேங்கும் தண்ணீரால் இன்னொரு கேடும் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும்; ஏழு முதல் பத்து நாளில் புதுக் கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும். மழை விட்ட ஒவ்வொரு காலையும் படகை எட்டிப் பாருங்கள். தண்ணீர் நின்றால் அன்றே இறைத்துவிடுங்கள்.