எகிப்தியச் சித்திரங்களில் குதிரையும் தேரோட்டியும்

எகிப்து என்றதும் நம் நினைவில் எழுவன பிரமிடுகளே. ஆயின் கிசாவில் அவை எழுந்த காலத்து ஓவியங்களில் கழுதை உண்டு, எருது உண்டு; குதிரை இல்லை! கி.மு. 1600-ஐ ஒட்டி, ஹிக்சோஸ் ஆட்சிக் காலத்தில்தான் குதிரை அங்கே வழக்கிற்கு வந்தது. பின்னரோ, தேரில் பூட்டிய இணைக் குதிரைகள் கோயிற் சுவர்களை நிறைத்துவிட்டன. இரண்டாம் குதிரையைப் பெரும்பாலும் முதற் குதிரையின் விளிம்பை ஒட்டிய மற்றொரு கோட்டாலேயே காட்டிவிடுவர்.

அபு சிம்பெல் கோயிற் சிற்பமொன்றில் இரண்டாம் ராம்சேஸ் தேரில் தனியே நின்று அம்பெய்கிறான். கடிவாள வார்கள் அவன் இடுப்பில் கட்டப்பட்டுள்ளன. மாட்டுவண்டி ஓட்டும் என் தந்தையாரிடம் அப்படத்தைக் காட்டினேன். "அப்போ வண்டியை ஓட்டுறது யாரு?" என்றார். நியாயமான கேள்வி! எகிப்தியப் போர்த்தேரில் உண்மையில் இருவர் செல்வதே வழக்கம். கி.மு. 1274-இல் நடந்த காதேஷ் போரைப் பற்றிய அம்மன்னனின் கல்வெட்டே, உடன் நின்ற மென்னா என்பவனைக் குறிப்பிடுகிறது. 'தீப்ஸில் வெற்றி', 'மூத் மகிழ்கிறாள்' எனக் குதிரைகளின் பெயர்களையும் கூறுகிறது. அந்தச் சிற்பத் தேரில் குதிரைகள் இருக்கின்றன, மென்னாவைக் காணோம்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள நெபமூன் கல்லறை ஓவியம் வேறுவகை. கி.மு. 1350 அளவில் தீட்டப்பட்டது. அதில் மன்னன் இல்லை. துள்ளும் குதிரைகளை ஒருவன் வார் பிடித்து அடக்கப் பார்க்கிறான். கீழ்வரிசையில் வேறொருவன் வண்டியிலேயே குந்தி ஓய்வெடுக்கிறான்.