பிரேக் மிதித்தால் வண்டி அதிர்கிறதா? காரணம் அறிந்து செலவு செய்யுங்கள்

காய்கறி, பூ, பால் முதலியவற்றைச் சந்தைக்குக் கொண்டு செல்லச் சொந்தமாகச் சிறு சரக்கு வண்டியோ காரோ வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இன்று பல ஊர்களில் உள்ளனர். பெரும்பாலும் அவை கடனில் வாங்கிய வண்டிகள். தவணை முடியும் முன்னரே வண்டி கோளாறு செய்தால் விவசாயிக்கு இரட்டைச் சுமை. ஆகவே, புதிய வண்டிகளில் அடிக்கடி தோன்றும் பிரேக் அதிர்வு பற்றியும், அதனுடன் சேர்ந்து வரும் சிறு கோளாறுகள் பற்றியும் அறிந்து வைத்திருத்தல் நலம்.

கோத்தகிரிப் பக்கம் காரட்டும் பீட்ரூட்டும் பயிரிடும் விவசாயி ஒருவர், உருளைக்கிழங்கு விதை பற்றிக் கேட்க என்னிடம் வந்திருந்தார். பேச்சு வாக்கில் தம் வண்டியின் குறையைச் சொன்னார். வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கைகளில் உதறுகிறது. பட்டறையில் காட்டியதற்கு, "இரண்டு டிஸ்கையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் போகத்தில் விதைக்கென ஒதுக்கிய பணம் அதற்கே போய்விடும் என்று அவர் கவலைப்பட்டார்.

நான் மோட்டார் மெக்கானிக் அல்லன். ஆனால் விரிவாக்கப் பணியில் பல ஆண்டுகள் மலையிலும் சமவெளியிலும் வண்டி ஓட்டியிருக்கிறேன். பயிரின் நோயைக் கண்டறியும் முறையே வண்டிக்கும் பொருந்தும் என்பது என் அனுபவம். இலை மஞ்சளித்தவுடன் நாம் யூரியாவைக் கொட்டுவதில்லை. அடியிலை மஞ்சளித்ததா, குருத்திலை மஞ்சளித்ததா, வயலில் நீர் தேங்கியதா என்று பார்த்த பின்னரே முடிவு செய்கிறோம். அவ்வாறே அவரிடம், "அதிர்வு எப்போது தொடங்கிற்று?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "பங்சர் ஒட்டிய பிறகுதான்" என்றார்.

முன் சக்கரத்தைப் பார்த்தோம். ஒரு நட்டு ஸ்பேனரை வைத்தவுடன் இலேசாகச் சுழன்றது. அடுத்தது காலால் மிதித்தும் அசையவில்லை. சக்கரத்தைக் கழற்றினால், அது பொருந்தும் முகத்தில் காய்ந்த செம்மண்ணும் துருவும் ஒட்டியிருந்தன. அவற்றைச் சுரண்டித் துடைத்து, நட்டுகளை முறைப்படி முடுக்கியதும் அதிர்வு நின்றது. டிஸ்க் மாற்றும் செலவு மிச்சமானது மட்டுமன்று. அந்தத் தளர்ந்த நட்டுடன் மேலும் சில வாரம் மலைப்பாதையில் பாரம் ஏற்றி இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். டிஸ்க்கை மட்டும் மாற்றி, நட்டைப் பழையபடியே விட்டிருந்தாலும் ஆபத்து நீங்கியிராது.

அதிர்வு எவ்வாறு உண்டாகிறது?

இன்றைய சிறு வண்டிகள் பலவற்றில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் உள்ளன. டிஸ்க் என்பது சக்கரத்துடன் சுழலும் இரும்புத் தகடு. மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இருபுறமுள்ள பேடுகள் இந்தத் தகட்டைக் கவ்விப் பிடிக்கின்றன.

தகட்டின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இருத்தல் வேண்டும். தலைமுடியின் கனத்தில் பாதி அளவு வேறுபாடு இருந்தாலும், சுழலும்போது கனமான இடம் பேடைத் தள்ளும், மெலிந்த இடம் விட்டுக் கொடுக்கும். இதுவே மிதியிலும் ஸ்டீயரிங்கிலும் அதிர்வாகத் தெரிகிறது. "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் தகடு வளைவதில்லை. சீரற்றுத் தேய்ந்திருக்கும், அல்லது சூட்டில் பேடின் பொருள் திட்டுத் திட்டாக அதன்மீது ஒட்டியிருக்கும்.

நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முடுக்கினாலும், பொருந்தும் முகத்தில் மண் இருந்தாலும், தகடு சற்றே சாய்ந்து சுழலும். உடனே சரி செய்தால் குற்றமில்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் அப்படியே ஓட்டினால் தகடு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். பிறகு நட்டைச் சரி செய்வதால் மட்டும் பயனில்லை.

முதற்கண் கேட்க வேண்டிய கேள்வி

அதிர்வு எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே உள்ளது.

1. பிரேக்கைத் தொடாமலே, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்கிறதா? இது பெரும்பாலும் பிரேக் குறையன்று. டயர் தேய்மானம் அல்லது சக்கரத்தின் எடைச் சமநிலை கெட்டதே காரணம். நம் வண்டிகள் சேற்று வயலோரம் செல்வதால், ரிம்மின் உட்புறம் சேறு அப்பிக் காய்ந்துவிடுகிறது. அதுவே சமநிலையைக் கெடுக்கும். பேலன்சிங் செய்யப் பணம் கொடுக்கும் முன் ரிம்மின் உட்புறத்தை நன்றாகக் கழுவிப் பாருங்கள்.

2. பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறுகிறதா? முன் சக்கர டிஸ்குகளையும் நட்டுகளையும் பார்க்க வேண்டும்.

3. பிரேக் மிதிக்கும்போது இருக்கையும் அடித்தளமும் அதிர்ந்து, ஸ்டீயரிங் அமைதியாக உள்ளதா? பின் பிரேக்கைச் சந்தேகிக்கலாம். கைப்பிரேக் நெம்புகோல் பின் சக்கரங்களைப் பிடிக்கும் வகை வண்டியானால், ஆளில்லாத, காய்ந்த, சமதளச் சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சென்று, பொத்தானை அழுத்தியபடியே நெம்புகோலை மெதுவாக உயர்த்திப் பாருங்கள். அதிர்வு வந்தால் பின் டிரம்மே காரணம். மழையிலும் சரிவிலும் இச்சோதனை கூடாது. மின்சாரக் கைப்பிரேக் உள்ள வண்டியில் இதைச் செய்யவே கூடாது.

4. மணலிலோ சரளையிலோ ஈரச் சாலையிலோ வேகமாக மிதிக்கும்போது மட்டும் மிதி படபடவென்று துடித்து, கரகரவென்று ஓசை வருகிறதா? இது கோளாறன்று. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவி வேலை செய்கிறது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. துடிப்பைக் கண்டு அஞ்சிக் காலை எடுத்துவிடுவோர் பலர். எடுக்கக் கூடாது. அழுத்திய கால் அழுத்தியபடியே இருக்க வேண்டும்.

5. மழையில் சில நாள் நிறுத்தி வைத்து எடுத்தபோது உரசல் ஓசை வருகிறதா? டிஸ்கின் மேல் மெல்லிய துரு படிந்திருக்கும். நாலைந்து முறை மிதித்தால் போய்விடும். போகாவிட்டால் பட்டறையில் காட்டுங்கள்.

6. பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் இருபுற டயர்களின் காற்றழுத்தம் சமமாக உள்ளதா எனப் பாருங்கள். சமமாயின், ஒரு பக்கத்துப் பேட் இறுகி நிற்கலாம், அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கலாம். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களைத் தொடாமல் புறங்கையை அருகில் கொண்டு செல்லுங்கள். ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாக இருந்தால் அங்கேதான் குறை.

நீங்களே பார்க்கக் கூடியவை

சக்கர நட்டுகளை வட்ட வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கக் கூடாது. ஒன்றுக்கு எதிரே உள்ளதை அடுத்து முடுக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் பாதி முடுக்கி, சக்கரத்தைத் தரையில் இறக்கிய பின் முழுவதும் முடுக்குதல் வேண்டும். ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி ஏறி மிதிப்பதும், காற்றுத் துப்பாக்கியால் அளவின்றி முடுக்குவதும் தவறு. வண்டிக் கையேட்டில் கொடுத்துள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குவதே முறை. சக்கரம் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தல் நலம்.

பிரேக் ஆயில் மட்டம் தொட்டியின் இரு கோடுகளுக்கு இடையே இருத்தல் வேண்டும். பேட் தேயத் தேய மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. திடீரென்று இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். அப்போது வண்டியை ஓட்டக் கூடாது. மூடியில் குறித்துள்ள வகை ஆயிலையே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிப்போய்ப் பிரேக்கே பிடிக்காது.

இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் சூட்டினால் கொதித்துக் குமிழிடும். மிதி திடீரென்று உள்ளே போய்விடும். ஆகவே கையேட்டில் சொல்லியபடி, பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, முழுவதும் மாற்றிவிடுங்கள்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

"டிஸ்க் மாற்று" என்று சொன்னால், "அளந்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். டிஸ்க் எவ்வளவு சாய்ந்து சுழல்கிறது என்பதை டயல் கேஜாலும், பல இடங்களில் அதன் கனத்தை மைக்ரோமீட்டராலும் அளக்கலாம். குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் போதிய கனம் இருந்தால் லேத்தில் சமன் செய்து பயன்படுத்தலாம். இல்லையெனில் தயங்காமல் மாற்ற வேண்டும். மாற்றினால் இருபுறமும் சேர்த்தே மாற்றுங்கள். அதில் சிக்கனம் பார்த்தல் தகாது.

உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியாயின், குறையை வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எந்த வேகத்தில், எப்போது, எங்கே அதிர்கிறது என்பதை ஜாப் கார்டில் எழுதச் செய்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தேய்மானப் பொருள்களுக்குப் பொதுவாக உத்தரவாதம் இராது. எனினும் தயாரிப்புக் குறை என்று பின்னர் வாதிட அந்தத் தாளே துணை.

புதிய பேட் போட்ட பின் முதல் 200, 300 கி.மீ. வரை கடுமையாக மிதிப்பதைத் தவிர்க்கவும்.

சிறு கோளாறுகள்

கீச்சென்ற ஓசை தொடர்ந்து வந்தால் பேட் தேய்ந்து, எச்சரிக்கைத் தகடு டிஸ்கில் உரசுகிறது எனக் கொள்ளலாம். இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை வந்தால் மேலும் ஓட்ட வேண்டாம்.

சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் கைப்பிரேக் முழுவதும் இறங்கியுள்ளதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரணப் பிரேக் வேலை செய்யும், ஆனால் சறுக்கலைத் தடுக்கும் கருவி வேலை செய்யாது. சக்கரத்தருகே உள்ள உணர்கருவியில் சேறு அப்பியிருக்கலாம். நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் வண்டியை நிறுத்துவோர், எலி ஒயரைக் கடித்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

பல விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் பாட்டரி முனைகளில் வெண்பொடி பூத்துள்ளதா எனப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, எதிர்முனை ஒயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, உலர்ந்த பின் மாட்டலாம்.

உரம் ஏற்றிச் சென்ற நாளில் வண்டியின் தளத்தையும் அடிப்பாகத்தையும் கழுவிவிடுங்கள். பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு இரும்பை விரைவில் அரிக்கும். ஆனால் ஓடி வந்த சூட்டோடு டிஸ்கின்மேல் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. ஆறிய பின் கழுவுக.

மலைப்பாதையில்

இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தியோ நியூட்ரலிலோ வண்டியை உருள விடுவது எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று எண்ணுவோர் உள்ளனர். எஞ்சின் நின்றால் பிரேக்கிற்குத் துணை செய்யும் கருவியும் விரைவில் ஓய்ந்துவிடும். மிதி கல்லாக இறுகும். தாழ்ந்த கியரில், எஞ்சின் இழுத்துப் பிடிக்க இறங்குவதே முறை. பிரேக்கை இடைவிடாமல் மிதித்துக்கொண்டே வராமல், விட்டு விட்டு மிதியுங்கள். அனுமதித்த எடைக்கு மேல் ஒரு மூட்டையும் வேண்டாம்.

கருகிய நாற்றம் வந்தால் பாதுகாப்பான அகன்ற இடத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்டி ஏலத்திற்கு நேரமாகிறதே என்று தோன்றும். ஆனால் சரக்கு இன்று விலை போகாவிட்டால் நாளை விற்றுக்கொள்ளலாம்.

கோத்தகிரி விவசாயி இப்போது ஒவ்வொரு சந்தை நாளும் புறப்படும் முன் ஸ்பேனருடன் நான்கு சக்கரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறாராம். ஐந்து நிமிட வேலை. விடியற்காலையில் வயலைச் சுற்றி வந்து பூச்சி தென்படுகிறதா எனப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டல்லவா? அப்பழக்கத்தை வண்டிக்கும் கடைப்பிடித்து விவசாய அன்பர்கள் பயன் பெறலாம்.